மேட்டில் ஏறியாச்சு, ரேடியோ பேசவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ராமநாதபுரம் கரையில் மலை கிடையாது. லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் முதுகில் செட்டைச் சுமந்து சிகரம் ஏறிப் பேசும் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' 2002இல் பிரிட்டனில் தொடங்கியது. அவர்கள் கணக்கில் ஒரு சிகரம் சுற்றுப்புறத்திலிருந்து பொதுவாக 150 மீட்டராவது எழுந்து நிற்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தது ராமேஸ்வரம் கோயிலிலிருந்து 3 கிலோமீட்டர் போல இருக்கும் கந்தமாதன பர்வதம். பர்வதம் என்பது பெயரில்தான், ஆள் மணல்மேடு. அவர்கள் பட்டியலில் அது ஒருநாளும் ஏறாது. ஆனால் தீவில் அதைவிட உயரமான இடம் இல்லை. எனக்கும் என் மகனுக்கும் அது போதும்.

மூன்று வருடமாக ஏறுகிறோம். லைசென்ஸ் என்னுடையது. அவனுக்கு இப்போதுதான் 12 வயது முடிந்தது, லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறான். அதுவரை ஆன்டெனாக் கம்பி கட்டுவது, மீட்டர் பார்ப்பது, நோட்டில் எழுதுவது அவன் வேலை. மைக் என் கையில். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும். அவன் நோட்டைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. செட் கெட்டுப்போன நாள் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் கம்பி, கேபிள், முனை, பேட்டரி, அல்லது நான். இந்தக் கரையில் உப்புக்காற்று தொடாத இணைப்பு இல்லை. அதனால் செட்டின் மேல் சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் இவை இருந்தால் கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் மேட்டிலேயே செய்யலாம்: மல்டிமீட்டர், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டிச் சோதிக்கும் 50 ஓம் டம்மி லோடு, நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு ஆன்டெனா கேபிள், சரியான அளவு ஃபியூஸ் நாலைந்து, உப்புத்தாள், டேப், ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ. ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் செட்டிலேயே உள்ள எஸ்டபிள்யூஆர் மீட்டரை (அனுப்பும் அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) வைத்துப் பாதி வேலை பார்க்கலாம்.

கட்டுவதற்கு முன் மூன்று விஷயம். ராமர் பாதம் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், எனவே படிக்கட்டுக்குக் குறுக்கே கம்பி போகக் கூடாது. மண்டபக் கைப்பிடியிலும் கட்டக் கூடாது. கரண்டுக் கம்பி கண்ணில் பட்டால், நம் கம்பி அறுந்து பறந்தாலும் அதைத் தொடாத தூரத்துக்குத் தள்ளிப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தூரத்தில் இடி கேட்டாலே கழற்றிக்கொண்டு இறங்குங்கள். இதற்கெல்லாம் பிழை நீக்கும் வழி கிடையாது.

## அறிகுறி: பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை

முதலில் பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள்.

அங்கேயே வோல்ட் இல்லை என்றால்: லித்தியம் பேட்டரி 0 அல்லது 2, 3 வோல்ட் காட்டினால், பெரும்பாலும் உள்ளே உள்ள பாதுகாப்புப் பலகை வெட்டிவிட்டது. பையில் சாவிக்கொத்து முனையில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது ஒரேயடியாக வடிந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அதற்குரிய சார்ஜரில் போட்டால் விழித்துக்கொள்ளும். பேட்டரி உப்பியிருந்தால், சூடாக இருந்தால், இனிப்பான ரசாயன வாடை வந்தால் சார்ஜரில் போடாதீர்கள். அதன் கதை முடிந்தது. பேட்டரிக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.

பேட்டரியில் இருக்கிறது, செட்டுக்குப் போகும் முனையில் இல்லை என்றால்: ஃபியூஸ். அதே ஆம்பியருக்குப் புதியது போடுங்கள். செப்பு இழையைச் சுற்றிச் சமாளிக்கிற பழக்கம் வீட்டு மெயினிலேயே தப்பு, இங்கே அதைவிடத் தப்பு. ஃபியூஸ் நன்றாக இருந்தால் அதன் கூட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் சரி.

புது ஃபியூஸும் போட்டவுடன் போகிறது என்றால்: சிவப்பு, கறுப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை, ஆனாலும் போகிறது என்றால், முன்பு எப்போதோ மாறி, செட்டுக்குள் இருக்கும் காவல் டையோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள். மெக்கானிக்கிடம் போகவேண்டிய இடம் இது. எங்கள் செட் கெட்ட அந்த ஒரே நாள் இதுதான். மாற்றிச் செருகியவள் யார் என்று நோட்டில் எழுதியிருக்கிறது.

## அறிகுறி: கேட்கும்போது நன்றாக இருக்கிறது, பேச ஆரம்பித்தால் அணைகிறது

மின்னழுத்தம் விழுகிறது. எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. டம்மி லோடைப் போட்டு அனுப்பும்போதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: பேட்டரி முனையில் ஒன்று, செட்டின் முனையில் ஒன்று. இரண்டு பேர் வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போவதில் உள்ள லாபங்களில் இதுவும் ஒன்று.

பேட்டரியில் விழவில்லை, செட்டில் விழுகிறது: வயர் மெல்லியது அல்லது முனை களிம்பு. 1 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் 3 மீட்டர் நீளத்துக்குப் போனால், போக வர 6 மீட்டர், 0.1 ஓம் ஆகிறது. எங்கள் 20 வாட் செட் பேசும்போது 8 ஆம்பியர் வரை இழுக்கும். 0.8 வோல்ட் வயரிலேயே காணாமல் போகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 அளவுக்கு இறங்கும். நீளத்தைக் குறைத்தால் இன்னும் மலிவு.

பேட்டரியிலேயே விழுகிறது: சார்ஜ் இல்லை, அல்லது வயசாகிவிட்டது. இதில் ஒரு குழப்பம் உண்டு. யுபிஎஸ்ஸில் வரும் ஈய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சும்மா இருக்கும்போது 12.8 காட்டினால் அடியைத் தொடப்போகிறது. அதற்கு 13.3 பக்கம் இருந்தால்தான் நிறைவு. ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஈய பேட்டரி இரவு முழுக்க சார்ஜ் ஏறியும் பேச்செடுத்ததும் 11க்குக் கீழே போகிறது என்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

அதுவரை சமாளிக்க: சக்தியை 5 வாட்டுக்கு இறக்குங்கள். 20லிருந்து 5க்கு வந்தால் எதிர்முனையில் பலம் காட்டும் மீட்டரில் ஒரு எஸ், அதாவது ஒரு படிதான் குறையும்.

## அறிகுறி: எஸ்டபிள்யூஆர் அதிகம்

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். 1.5க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், அதை 1.1 ஆக்கப் பிற்பகல் முழுவதும் செலவழிக்காதீர்கள். 2 வரை பரவாயில்லை. 3ஐத் தாண்டினால் அனுப்புவதை நிறுத்துங்கள். சோதிக்கும்போது சக்தி மிகக் குறைவாக இருக்கட்டும்.

எந்தக் கிளை என்றாலும் முதல் சோதனை ஒன்றுதான். ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் அந்த முனையில் டம்மி லோடைப் போடுங்கள். அப்போதும் அதிகமாகக் காட்டினால் தப்பு கேபிளில். 1க்குப் பக்கத்தில் வந்தால் தப்பு பெரும்பாலும் ஆன்டெனாவில். பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த அறிகுறியில் வரும்.

### கட்டியவுடனேயே அதிகம்

பேண்டு, அதாவது அலைவரிசைத் தொகுதி, மாற்ற மறந்திருப்பீர்கள். சிரிக்க வேண்டாம், நோட்டில் ஏழு தடவை இருக்கிறது.

அது இல்லையென்றால் நீளம். நடுவில் கேபிள் சேர்ந்து இரண்டு பக்கமும் கம்பி நீளும் அரை அலை டைபோலுக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு 20.1 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். 14.2க்கு மொத்தமே 10 மீட்டர். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி என்றால் இன்னும் கொஞ்சம் குறையும்.

எந்த அலைவரிசையில் எஸ்டபிள்யூஆர் மிகக் குறைகிறது என்று தேடுங்கள். நமக்கு வேண்டியதற்குக் கீழே குறைந்தால் கம்பி நீளம் கூடுதல், மேலே குறைந்தால் நீளம் பற்றவில்லை. 7.1 வேண்டும், 6.9இல் குறைகிறது என்றால் பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறது. வெட்டாதீர்கள், மடியுங்கள். முனையைத் திருப்பி அதே கம்பியோடு ஒட்டிச் சுற்றினால் போதும், கம்பி குட்டையானது போலவே நடந்துகொள்ளும். தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனையில் ஈர மணலுக்குத் தாழ்வாகக் கட்டினால் அந்தக் குறைந்த புள்ளி மறுபடி நகரும். வெட்டியிருந்தால் அங்கே அழ வேண்டும்.

### காலையில் நன்றாக இருந்தது, போகப்போக ஏறுகிறது

ஈரம் அல்லது சூடு. விடியற்காலைப் பனி இறங்கியபோது ஏறினால், நடு இணைப்பில் உப்புப் படிவம் ஈரமாகி மின்சாரத்தைக் கசிய விடுகிறது. குடிதண்ணீரால் கழுவித் துடையுங்கள். கடல்தண்ணீர் கையால் துடைத்தால் வந்த வினை இரட்டிப்பாகும். மத்தியான வெயிலில் ஏறினால் நடுவில் கேபிளையும் கம்பியையும் இணைக்கும் பாலன் சூடாகிறதா என்று, அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அது தாங்காத சக்தியை அனுப்புகிறீர்கள்.

### காற்றடித்தால் குதிக்கிறது

இதற்கு ஒரே காரணம்தான் நான் பார்த்திருக்கிறேன்: எங்கோ ஒரு இணைப்பு பாதி அறுந்து, உறைக்குள் ஊசலாடுகிறது. ஒருவர் மீட்டரைப் பார்க்க, மற்றவர் செட்டின் முனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சாணாகக் கேபிளை அசைத்துக்கொண்டே போக வேண்டும். மீட்டர் துள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் பிளக்கிலிருந்து ஒரு விரல் தள்ளி, கேபிள் மடங்கும் இடமாக இருக்கும். நான் இதை அவசரமாகச் செய்து இரண்டு தடவை தவறவிட்டேன். அவன் "அம்மா, நீங்க மீட்டரைப் பாருங்க, நான் அசைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டபின் தவறவில்லை.

கண்டுபிடித்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். உள்ளே செப்பு பளபளவென்று இருந்தால் புதுப் பிளக் போடலாம். கறுத்திருந்தால் இன்னொரு சாண் வெட்டுங்கள். வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால் அந்தக் கேபிளைக் கைவிடுங்கள். பின்னல் வலைக்குள் ஏறிய உப்பை எந்தத் திரவமும் வெளியே கொண்டுவராது.

பற்றவைத்து முடித்ததும் மூட வேண்டும். முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். அதன்மேல் கறுப்பு டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். பனையோலைக் கூரை வேய்வதும் அப்படித்தானே: அடியில் ஆரம்பித்து மேலே போனால்தான் ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசைக்குத் தண்ணீரை வழிய விடும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே ஏந்தும்.

### கேபிளைத் தொட்டாலே மாறுகிறது

கேபிளின் வெளிப்புறத்திலும் அலை ஓடுகிறது. கேபிளும் ஆன்டெனாவாகிவிட்டது. மைக் உதட்டில் சுருக்கென்று கடிக்கும், லேப்டாப் மவுஸ் உறையும், எதிர்முனையில் நம் குரல் குளறுகிறது என்பார்கள். எல்லாம் இதே நோய். ஆன்டெனா ஊட்டும் இடத்துக்கு அடியில் கேபிளை ஒரு சாண் அகல வளையமாக எட்டு, பத்து சுற்று சுற்றிக் கட்டுங்கள். ஃபெரைட் வளையம் இருந்தால் அதில் சுற்றுவது மேல். செலவு ஒரு டேப் துண்டு.

## அறிகுறி: எஸ்டபிள்யூஆர் அருமை, ஆனால் யாருக்கும் நாம் கேட்கவில்லை

எங்களை அதிகம் ஏமாற்றியது இதுதான். போன வருடம் மேட்டில் ஒரு மணி நேரம் அழைத்தேன். மீட்டர் 1.2 என்று சிரித்தது. ஊர் முழுக்க எங்களுக்குக் கேட்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எளியதிலிருந்து போவோம்.

மைக்கும் அமைப்பும்: அனுப்பும்போது சக்தி முள் குரலோடு ஆடுகிறதா? ஆடவில்லை என்றால் மைக் கெயின் சுழியத்தில் இருக்கலாம், அல்லது மைக் முனை களிம்பு. கேட்கும் அலைவரிசையும் அனுப்பும் அலைவரிசையும் வேறாகும்படி ஸ்பிளிட் பட்டன் பையில் அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேண்டு: பகலில் 14 மெகாஹெர்ட்ஸில் மதுரையையோ சென்னையையோ அழைத்துக்கொண்டிருந்தால் தொண்டைத் தண்ணீர்தான் வற்றும். அலை அவர்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். உள்ளூர்ப் பேச்சுக்குப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், அதுவும் தாழ்வாகக் கட்டிய டைபோல். தூர தேசம் வேண்டுமென்றால் மேட்டை விட்டு இறங்கிவிடுங்கள். அரிச்சல்முனையில் தண்ணீர் ஓரமாக நிறுத்திய 5 மீட்டர் செங்குத்துக் கம்பி, 14 மெகாஹெர்ட்ஸில், மேட்டில் கட்டிய எங்கள் டைபோலைத் தோற்கடித்துவிடுகிறது. காய்ந்த மணல் மோசமான தரை, உப்புத் தண்ணீரைவிட நல்ல தரை இல்லை. மேடு ஏறுவதே வேண்டாமா என்று கேட்காதீர்கள். ஏறுவது வேறு சந்தோஷம்.

கேபிள்: மேலே சொன்ன "பெரும்பாலும்" இங்கேதான். உப்புத் தண்ணீர் குடித்த கேபிள் சக்தியைத் தின்றுவிடும். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையையும் சேர்த்துத் தின்பதால், மீட்டருக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். மீட்டர் எல்லாம் நலம் என்கிறது. டம்மி லோடு சோதனையிலும் இது தப்பித்துக்கொள்ளும். பிடிக்கிற வழி ஒன்று உண்டு. கேபிளின் மறுமுனையில் எதையும் மாட்டாமல் திறந்து விட்டு, நானோவிஎன்ஏவால் அளங்கள். நல்ல ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் 20 சுமாருக்குக் காட்ட வேண்டும். இங்கே அதிகம் காட்டுவதுதான் நல்லது. 3 என்று காட்டினால் நீங்கள் அனுப்புவதில் பாதி கேபிளிலேயே போகிறது. செட்டின் மீட்டரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், திறந்த முனையில் சக்தி அனுப்புவது செட்டுக்கு ஆகாது. அளக்கும் கருவி இல்லையென்றால் தெரிந்த நல்ல கேபிளை மாற்றிப் போட்டு ஒரே நிலையத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

அன்றைக்கு எங்களுடையது 2.6. முந்தின மாதம் அரிச்சல்முனையில் அலை வந்து கேபிளின் முனையை நனைத்தது எனக்கு நினைவிருந்தது. காய்ந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தண்ணீர் காய்ந்தது, உப்பு காயவில்லை.

## அறிகுறி: காது கிழியும் இரைச்சல்

ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் நம் பையிலிருந்தே வருகிறது, போனால் பெரும்பாலும் வெளியிலிருந்து.

நம் பையிலிருந்து: பவர் பேங்க், போன் சார்ஜர், சூரியத் தகட்டின் கட்டுப்படுத்தி. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எங்கள் குற்றவாளி அவன் சட்டைப்பையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கைவிளக்கு.

வெளியிலிருந்து, விட்டு விட்டுச் சடசடவென்று: கரண்டுக் கம்பத்தின் பீங்கானில் உப்புப் படிந்து பொறி பறக்கிறது. வெயில் காலத்து ஈரமான விடியலில் மோசமாக இருக்கும், ஒரு நல்ல மழை கழுவிவிட்டால் அடங்கும். டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் எந்தக் கம்பம் என்று தெரிந்துவிடும். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் சொல்லுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பதோ ஸ்டே கம்பியைத் தொடுவதோ நம் வேலை இல்லை.

ஒரே சீராக, பகல் முழுக்க: இறால் பண்ணை மோட்டார்களைச் சந்தேகப்படலாம். நகர்ந்துபோவது தவிர வழியில்லை. டைபோலை வேறு திசைக்குத் திருப்பிப் பாருங்கள், சில நேரம் அதுவே போதும்.

ஆடியில் கச்சான் காற்று மணலை வாரியடிக்கும்போது ஸ்ஸ்ஸென்று ஏறி இறங்கினால்: பறக்கும் மணல் கம்பியில் மின்னூட்டம் ஏற்றுகிறது. உறை போட்ட கம்பியில் குறையும். காற்று நின்றால் அதுவும் நிற்கும்.

## அறிகுறி: செட் எரிகிறது, ஒரே மௌனம்

சத்தக் குமிழ், செட்டின் கேட்கும் திறனைக் கூட்டிக் குறைக்கும் ஆர்எஃப் கெயின், பலமில்லாத ஒலியை அடைத்துவிடும் ஸ்குவெல்ச் என்ற வரிசையில் பாருங்கள். பிறகு சாயங்காலமாக 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய்ச் சிற்றலை ஒலிபரப்புகளைத் தேடுங்கள். அவை கேட்டால் ஆன்டெனா உயிரோடிருக்கிறது, ஹாம்கள்தான் வரவில்லை. அவையும் இல்லை, கேபிளைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஒரே மாதிரி என்றால், கேபிளின் நடுக் கம்பி பிளக்குக்குள் விட்டுப்போயிருக்கும். மல்டிமீட்டரில் முனைக்கு முனை பாருங்கள். நல்ல கேபிளைப் போட்டும் மௌனம்தான் என்றால் செட்டை மெக்கானிக் பார்க்க வேண்டும். எப்போதாவது சூரியன் வெடித்து, பகல் பக்கம் முழுவதும் சிற்றலை அணைந்துபோவதும் உண்டு. அதற்கு டீ குடித்துவிட்டு வருவதே வைத்தியம்.

## அறிகுறி: கையடக்க செட்டில் பாட்டும் இரைச்சலும்

ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனின் 323 மீட்டர் கோபுரம் நிற்கிறது. இவ்வளவு பெரிய ஒலிபரப்புக் கோபுரம் இருக்கும் ஊரில் விலை மலிந்த கையடக்க செட்டைத் திறந்தால், 145 மெகாஹெர்ட்ஸில் பண்பலை நுழைந்து கூத்தடிக்கலாம். நீள ஆன்டெனாவைக் கழற்றிச் செட்டோடு வந்த குட்டை ஆன்டெனாவைப் போடுங்கள். அப்படியும் இருந்தால் பண்பலையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று வாங்க வேண்டும்.

ஆனால் இலங்கைப் பண்பலை டிரான்சிஸ்டரில் பக்கத்து வீடு போலக் கேட்பது பிழை அல்ல. இந்தக் கரையில் அது பரம்பரைச் சொத்து. இலங்கை ஹாம் நிலையம் ஒன்று திடீரென்று 145இல் பலமாக வந்தாலும் அப்படித்தான்: வெயில் காலத்துக் கடல்மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்து அலையை வழிநடத்துகிறது. விடாமல் பேசிவிடுங்கள், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்.

## அறிகுறி: எஃப்டி8 திரையில் கோடுகள் இருக்கின்றன, எழுத்து வரவில்லை

கடிகாரம். கணினி வழியாக எழுத்தாக, 15 விநாடி முறைவைத்து ஓடும் அந்தப் பேச்சுக்கு நம் கணினி நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், அல்லது எதையும் பிடிக்காது. கணினி நேரத்தைத் திருத்திக்கொள்ள வழியிருக்காது. ஜிபிஎஸ் செயலியைப் பார்த்துக் கையால் சரிசெய்யுங்கள். ரோமிங்கை முன்பே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிழை பில்லில் தெரியும். நோட்டில் எழுதும் நேரம் உலக நேரம், நம் நேரத்தில் 5:30 கழிக்க வேண்டும்.

## அறிகுறி: கம்பம் சாய்கிறது

மணலில் ஆணி நிற்காது. உரச்சாக்கில் மணலைக் கட்டி, முழங்கை ஆழத்தில் குறுக்காகப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுங்கள். மூன்று பக்கம் போதும். மரம் இருந்தால் கம்பமே வேண்டாம். ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பைக் கிளைக்கு மேலே வீசி, அதில் கயிற்றை இழுத்துவிடலாம். சீமைக்கருவேலத்தில் மட்டும் வீசாதீர்கள். குண்டு திரும்பி வராது, எடுக்கப்போன ஆள் முள்ளோடு வருவார்.

## அறிகுறி: செட் கடல்தண்ணீரில் விழுந்துவிட்டது

பேட்டரியை அந்த நொடியே பிடுங்குங்கள். "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று போடுவதுதான் அதைக் கொல்லும். வெளியே குடிதண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, ஈரத்தோடேயே அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்கள். இதில் நாமாகச் செய்ய வேறு எதுவும் இல்லை.

## அறிகுறி: சீருடைக்காரர் வந்து நிற்கிறார்

உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு. கம்பி கட்டி "ஓவர், ஓவர்" என்றால் கேட்கத்தான் செய்வார்கள். "என்னம்மா இது, யாரோட பேசுறீங்க?" என்று முதல் தடவை கேட்டபோது நான் அலைகளைப் பற்றி விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். அது தவறு. முதலில் மைக்கைக் கீழே வையுங்கள், பிறகு லைசென்ஸைக் கொடுங்கள், பிறகு அவர் கேட்பதற்கு மட்டும் பதில். வேறு இடத்தில் இயக்குவது பற்றி லைசென்ஸில் உள்ள நிபந்தனையைக் கிளம்புமுன் படித்து, தேவையான அறிவிப்பை அனுப்பி, அதன் நகலையும், உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்னாடியே கொடுத்த கடிதத்தின் நகலையும் ஒரே உறையில் வைத்திருங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். அங்கே வாதம் வேண்டாம்.

## அறிகுறி: மேட்டில் வேலை செய்யவில்லை, வீட்டுக்கு வந்தால் செய்கிறது

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தருவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டுக்கும் மேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுங்கள். வெயில், ஆட்டம், பேட்டரி, கேபிள், இறுக்கும் கை. ஒவ்வொன்றாக வீட்டில் வரவழையுங்கள்: செட்டை மாடி வெயிலில் அரை மணி வையுங்கள், வீட்டு மின்வழங்கிக்குப் பதில் மேட்டுக்குக் கொண்டுபோன பேட்டரியைப் போடுங்கள், மேட்டுக்குக் கொண்டுபோன அதே கேபிளைப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதிலும் வரவில்லை என்றால் எல்லாவற்றையும் பையில் அடைத்து, தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து திறந்து பாருங்கள்.

தெருவைச் சுற்றுவது அவன் யோசனை. சுற்றிவிட்டு வந்து திறந்தால் செட் மௌனம். பேட்டரி செருகியின் மேல் தண்ணீர் பாட்டில் உட்கார்ந்து, அதை அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. வீட்டில் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து மறுபடி செருகும்போது தானாகச் சரியாகிவிடும். நான்கு தடவை மேடு ஏறி இறங்கிய பிழை அது. நோட்டில் காரணம் என்ற கட்டத்தில், "அம்மா பை அடுக்கும் விதம்" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறான்.